கால் மைல்

எழுத்தில் பார்த்தால் இத்தாலியின் மிலான் நகரமும் அந்த ஊரும் ஒன்றுதான். உள்ளூர்க்காரர்கள் மட்டும் மைலன் என்று சொல்வார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குத் தென்மேற்கே, சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற சிற்றூர். அங்கே ஒரு டிராக் பந்தயத் தடம் உண்டு. 1997 முதல் சில வருடங்கள், பனி விழாத மாதங்களில் என் வார இறுதிகளில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழி ஓரத்தில் வளர்ந்த ஒருவன் அந்த ஊரில் ஒரு கறுப்பு பியூக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தான் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். இதுவரை பாதிப் பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். நேரான கால் மைல், அதாவது 402 மீட்டர். நடுவில் நிற்கும் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் மேலிருந்து கீழாக எரியும். அடுத்த அரை விநாடியில் பச்சை. பச்சைக்கு முன்பே கார் கோட்டை விட்டு நகர்ந்தால் சிவப்பு எரியும், ஆட்டம் முடிந்தது. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவனும் தோற்றுத்தான் போவான். கண் பார்த்து, கால் மிதித்து, சக்கரம் உருள்வதற்குள் எதிராளி போயிருப்பான். கடைசி மஞ்சள் எரியும்போதே கிளம்ப வேண்டும். அந்த மஞ்சளிலிருந்து கணக்கிட்டு 0.500 விநாடி என்பதுதான் அந்நாளில் முழுமையான எண். ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். கிளம்பிய வேகம், முதல் அறுபது அடி, பாதித் தூரம், முழுத் தூரம், கடைசியில் இருந்த வேகம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். என்னிடம் ஒரே ஒரு சீட்டு மிச்சமிருக்கிறது. 1998 அக்டோபர். கிளம்பியது 0.512. கால் மைல் 12.84 விநாடி.

இந்த மோகம் அமெரிக்காவில் தொடங்கியதல்ல. எண்பதுகளில் சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது சோழவரத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடாவருடம் பந்தயம் நடத்தியது. வெயிலில், புழுதியில், எரிந்த எண்ணெய் வாசனையில் ஆயிரக்கணக்கானோருடன் நின்று பார்த்தேன். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில், நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும் அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில், நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. நான் அப்போது மேற்படிப்புக்கு வெளிநாடு போக விண்ணப்பங்கள் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

டெட்ராய்ட் பக்கம் வேலை கிடைத்த நான்காம் வருடம் அந்தக் காரை வாங்கினேன். 1987ஆம் வருடத்து பியூக் கிராண்ட் நேஷனல். முழுக் கறுப்பு. பார்ப்பதற்கு ஒரு சாதுவான பெட்டி. உள்ளே 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஒரு டர்போசார்ஜரும். தொழிற்சாலைக் கணக்குப்படி 245 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர்தான் வேகம் என்று நம்பிய ஒரு தேசத்தில், ஆறை வைத்துக்கொண்டு பல எட்டுகளை வென்ற கார் என்பதே அதன் புகழுக்குக் காரணம்.

அந்த எஞ்சினுக்கு ஒரு கதை உண்டு. 1962 மாடல் கார்களுக்காக பியூக் உருவாக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சின் அதன் மூதாதை. பெட்ரோல் மலிவாக இருந்த நாட்கள். சின்ன எஞ்சின் எதற்கு என்று 1967இல் அதைச் செய்யும் இயந்திரங்களையே வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மறு வருடமே அந்த இயந்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விற்றதைத் திரும்ப வாங்க முடிகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

டர்போ என்பது அடிப்படையில் வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் கருவி. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், சக்தி கூடும். ஆனால் புகை வந்தால்தான் சக்கரம் சுழலும், சக்கரம் சுழன்றால்தான் சக்தி. அதனால் மிதித்தவுடன் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அந்தக் கணத்தை ஜெயிக்க, கோட்டில் நிற்கும்போதே இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து, டர்போவை முன்கூட்டியே சுழல விடுவோம். கார் முழுவதும் நடுங்கும். கடைசி மஞ்சளில் இடது காலை எடுக்க வேண்டும்.

இரண்டு கால், இரண்டு கை, ஒரு கண், ஒரு கணம். எனக்கு இது எளிதாக வந்தது. தடத்தில் இருந்த கிழவர்கள், புதிதாக வந்தவனுக்கு இந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று வியந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒன்றின் நிறத்தை ஒன்று தொடாமல், ஆனால் பிரியாமல் பின்னியிருக்கும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவரால் ஆகாது. நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் அக்காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அப்பா குழிக்குள் காலால் மிதிக்க, பாவு வாய் திறக்கும். உடலின் நாடா பாயும். அது வந்து சேரும் கணத்தில் கரையின் நாடா கிளம்பியிருக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தள்ளினால் தாமதம். தாமதமானால் கோர்வை தளரும், அப்பாவின் கை என் தலையில் இறங்கும்.

நானும் அண்ணனும் முறை வைத்து உட்கார்ந்தோம். எனக்கு எட்டு வயது, அவருக்குப் பத்து. அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரையும் தறியில் வைத்துக் கெடுக்காதீர்கள், ஒருவனையாவது படிக்க விடுங்கள் என்று அப்பாவிடம் மன்றாடினார். அப்பா ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். நான் நன்றாகப் படிப்பேன் என்பதால் அல்ல. அண்ணனின் கை என் கையைவிட வேகம். கோர்வையில் அவருக்குத் தவறு வராது. நல்ல கை தறியில் இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார். மட்டமான கை பள்ளிக்கூடம் போனது.

1997 அக்டோபரில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஏறிக்கொண்டே போகிறது, அது அடையும்வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாது, அதை அடைத்துவிட்டுச் சொந்தமாகப் பாவும் ஜரிகையும் வாங்கி நெய்யலாம் என்று இருக்கிறேன், 60,000 ரூபாய் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் பணம் கேட்டதில்லை.

நான் 15,000 ரூபாய் அனுப்பினேன். வீட்டு வாடகை ஏறிவிட்டது, வேலையும் நிச்சயமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுதினேன். வாடகை ஏறவில்லை. அந்தக் குளிர்காலத்தில் காருக்குப் பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், புது இன்ஜெக்டர்கள், மாற்றி எழுதிய கணினிச் சில்லு ஆகியவற்றை வாங்கினேன். மொத்தம் 1,850 டாலர். அன்றைய மதிப்பில் அண்ணன் கேட்ட தொகைக்கும் மேல். ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜில் ஹீட்டர் போட்டுக்கொண்டு நானே பொருத்தினேன். இவ்வளவு சந்தோஷமாக வேறெந்தக் குளிர்காலத்திலும் இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாங்கிய நிலையில் அந்தக் கார் கால் மைலை 14.15 விநாடியில் ஓடியது. அடுத்த அக்டோபரில் 12.84. வித்தியாசம் 1.31 விநாடி. கண் இரண்டு முறை இமைக்கும் நேரம்.

அந்தத் தடத்தில் சாதாரணர்கள் ஓட்டும் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேகம் வேறுபட்ட கார்கள் சமமாக மோத வேண்டும் என்பதற்காக, ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே அறிவித்து, கண்ணாடியில் வெள்ளை மையால் எழுதிவிட வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை எரியும். எழுதிய எண்ணைவிட வேகமாக ஓடினால் தோல்வி. குறைத்துச் சொல்லிவிட்டுச் சலுகை வாங்குகிறவனை அந்த விதி பிடித்துவிடும். நான் கண்ணாடியில் ஒருநாளும் பொய் எண் எழுதியதில்லை. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

1999 கோடையில் எஞ்சின் போனது. தவறு என்னுடையதுதான். டர்போவின் அழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தேன். எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும்போது கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டுவது போல் ஒரு சத்தம் வரும். அன்று அது கேட்டது. தறியின் சத்தத்தை வைத்தே எங்கே இழை அறுந்தது என்று அப்பா சொல்லிவிடுவார். அறுந்த சத்தம் கேட்டால் அந்த ஊடையோடு நிறுத்திவிடுவார். நான் கேட்டும் காலை எடுக்கவில்லை. ஹெட் கேஸ்கெட் கிழிந்து, வெள்ளைப் புகையோடு தடத்தின் ஓரத்தில் நின்றேன். பழுது பார்த்து மேலும் சில வருடங்கள் ஓட்டினேன். 2004இல் விற்றேன். 2006இல் ஊர் திரும்பினேன். அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

அண்ணன் முன்பணத்தை அடைத்து முடிக்க 2005 ஆகியிருக்கிறது. அதற்குள் முதுகு போய்விட்டது. 2011இல் தறியைப் பிரித்து விற்றார். இப்போது வீட்டில் தார் சுற்றிக் கொடுக்கிறார். அவர் மகன் தறியில் உட்காரவே இல்லை. காலையில் கம்பெனிப் பேருந்து வந்து ஒரகடம் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைக்கு அழைத்துப் போகிறது. எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் கதை.

2022 பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் இருந்தேன். பையன் தன் தொழிற்சாலையில் செய்யும் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் பர்சிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சித்தப்பா, இதுக்கு எவ்வளவு செலவு ஆச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன். எந்த வருடம் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

தார் சுற்றும் ராட்டையின் சத்தம் நின்றது.

"தொண்ணூத்தேழா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா."

"வாடகை ஏறிப்போச்சுன்னு எழுதினே."

"ஏறலண்ணா."

பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். அதில் இருந்த எண்கள் ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டார். விளக்குகளைப் பற்றிச் சொன்னேன்.

"பச்சை எரிஞ்சப்புறம் கெளம்பணுமா, அதுக்கு முன்னாடியா?"

"கடைசி மஞ்சள்லயே கெளம்பிடணும்."

"அதானே. நாடா வந்துச்சான்னு பாத்தா லேட்டாயிடும்."

சீட்டைப் பையனிடம் கொடுத்துவிட்டு ராட்டையைச் சுழற்றத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை. அந்தக் கோட்டில் அவர் நின்றிருந்தால் 0.512 வந்திருக்காது, 0.500 வந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அவருடைய கடிதத்தை நான் தூக்கிப் போடவில்லை. இப்போது இரண்டும் ஒரே உறையில் இருக்கின்றன. சீட்டில் எண்கள் மங்கிக்கொண்டே வருகின்றன. கடிதம் நீல மையில் எழுதியது, அப்படியே இருக்கிறது.