பட்டம் சூடாமல் போன இராசாதித்தன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையும் நேரமும் உள்ளவர்கள் படியுங்கள்.

பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து ஆதித்த கரிகாலனைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை. யார் கொன்றது, எதற்குக் கொன்றார்கள் என்று சின்னப் பிள்ளைகள் வரை கேட்கிறார்கள். அவனுக்குப் பெரிய தாத்தா முறையில் ஒருவன் இருந்தான். அவனும் பட்டத்துக்கு உரியவன், அரியணை ஏறாமலே இறந்தவன். அவனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அவன் பல வருஷம் இருந்தது நம்ம பக்கத்தில்தான்.

பெயர் இராசாதித்தன். முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன். பாடப் புத்தகத்தில் "தக்கோலப் போர், 949, சோழர் தோல்வி" என்று ஒரு வரி வரும். அதோடு சரி.

விழுப்புரத்திலிருந்து திருச்சி சாலையில் மடப்பட்டைத் தாண்டிப் போனால் திருநாவலூர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 வரை நம்ம மாவட்டம். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்கே இருந்து இராஷ்டிரகூடரும் கங்கரும் வரலாம் என்ற பயத்தில் பராந்தகன் தன் மகனைப் பெரும்படையோடு இந்தப் பகுதியில் நிறுத்தினான். அன்றைக்கு இது திருமுனைப்பாடி நாடு. 935 வாக்கில் இராசாதித்தன் இங்குள்ள சிவன் கோயிலைக் கல்லால் கட்டுவித்தான். ஊருக்கே இராசாதித்தபுரம் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் இன்று கல்வெட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வீராணம் ஏரியை வெட்டியதும் இவனுடைய படைவீரர்கள்தான் என்று சொல்வார்கள். சண்டை இல்லாத நாட்களில் சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பாவின் விருதுப் பெயரான வீரநாராயணன் என்பதை வைத்து வெட்டினார்களாம். கல்கி கதையைத் தொடங்குவதே அந்த ஏரிக்கரையில்தான். சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் குழாயைத் திறக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்!

எனக்கு இளவரசனைவிட அவன் கூட இருந்தவர்கள்மேல்தான் ஈர்ப்பு. படையில் பலர் மலைநாட்டுக்காரர்கள், அதாவது இன்றைய கேரளத்தவர். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து, இங்குள்ள கோயிலில் விளக்கு எரிய ஆடுகள் கொடுத்து, தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுக்கும் ஆடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். குட்டி போட்டுக் கணக்கு குறையாமல் பார்த்துக்கொண்டு, நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். கொடுத்தவன் போரில் செத்தாலும் விளக்கு எரியும். இதை யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

படைத்தலைவன் வெள்ளன் குமரனும் மலைநாட்டான்தான். தென்பெண்ணை ஆற்றங்கரையில் "கிராமம்" என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயரே அதுதான், விலாசம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே 943-ல் சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவன் இந்தக் குமரன். கலியுக ஆண்டு 4044 என்பதோடு, கலியுகத்தில் கழிந்த நாட்களையும் எண்ணிப் பொறித்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார்கள் பார்க்க வேண்டிய கல்வெட்டு.

ஆறு வருஷம் கழித்துப் போர் வந்தது. தக்கோலம் அரக்கோணம் பக்கத்தில் இருக்கிறது. இன்றைய சாலையில் போவதென்றால் விழுப்புரம், திண்டிவனம், வந்தவாசி, காஞ்சிபுரம் தாண்டிப் போக வேண்டும். திண்டிவனத்துப் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படைதான் ஞாபகம் வரும்.

தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் கொல்லப்பட்டான். அதனால் "ஆனைமேல் துஞ்சின தேவர்" என்ற பெயர் நிலைத்தது. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடு, இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் அம்புகள் பாய்ந்து இறந்தான் என்கிறது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டோ, கொன்றவன் கிருஷ்ணனின் மைத்துனன் கங்க மன்னன் பூதுகன் என்கிறது. அந்தக் கல் ஒரு வேட்டை நாய்க்கு எழுப்பியது என்பதுதான் வேடிக்கை. காளி என்று பெயர். காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது, பன்றியும் செத்தது. நம் இளவரசனின் சாவும் அந்த நாய்க்கல்லில்தான் பதிவாகியிருக்கிறது.

பிறகு பட்டம் தம்பி கண்டராதித்தனுக்கும், அடுத்து அரிஞ்சயன் வழிக்கும் போனது. அரிஞ்சயனின் பேரன்தான் இராசராச சோழன். இராசாதித்தன் பிழைத்திருந்தால் தஞ்சைப் பெரிய கோயில் இருந்திருக்குமா என்பது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் விவாதிக்க நல்ல தலைப்பு.

போர் முடிந்தபின் நம்ம பகுதியும் கிருஷ்ணன் கைக்குப் போனது. திருநாவலூர்க் கோயிலிலேயே கன்னரதேவன் என்ற அவன் பெயரில் கல்வெட்டுகள் உண்டு.

இராசாதித்தனுக்கு உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். வல்லபன் என்று பெயர், கேரளத்தில் நல்ல குடியில் பிறந்து கல்வி கற்றவன். அவனும் வெள்ளன் குமரனும் ஒரே ஆள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நண்பனோடு சேர்ந்து போர்க்களத்தில் சாக அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வேதனையில் எல்லாவற்றையும் விட்டு, கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அங்குள்ள மடத்துக்குத் தலைவரானார். இதையெல்லாம் சொல்லும் கல்வெட்டு திருவொற்றியூர்க் கோயிலில் இருக்கிறது. போர் நடந்து பத்து வருஷம் கழித்து, 959-ல் வெட்டியது. ஆட்சியாண்டு குறிப்பிடாமல் கல்வெட்டு எழுத முடியாதே! நண்பனைக் கொன்ற படைக்கு அரசனான கன்னரதேவனின் இருபதாவது ஆண்டு என்றுதான் அதில் போட்டிருக்கிறது.