நாலணா நண்டுகள்

பிப்ரவரி 8, ஞாயிறு

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து சின்னவன் ஒரு பக்கெட்டோடுதான் வீடு வந்தான். உள்ளே நான்கு நண்டுகள், பழைய நாலணா அகலம். அசையாமல் நின்றால் மணல் எது, நண்டு எது என்று தெரியாது. ஐந்தாவதைக் காலைப் பிடித்து இழுத்தானாம், கால் மட்டும் கையோடு வந்துவிட்டது. ஒரே அழுகை. தப்பிக்க அதுவே கழற்றிவிடும், ஓடு உரிக்கையில் மறுபடி முளைக்கும் என்று தேற்றினேன். பாதி பக்கெட் கடல்தண்ணீர் மொண்டு ஊற்றியவள் நான்தான். கடல் பிராணியாயிற்றே!

பிப்ரவரி 9, திங்கள்

விடிகாலையில் இரண்டு செத்து மிதந்தன. மற்ற இரண்டும் பக்கெட் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கண்களைத் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி இருந்தன.

ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "தண்ணில போட்டா மூச்சு முட்டிப் பூடும்மா. கடல் நண்டுக்குப் பின்னங்காலு துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். இதுக்கு இருக்குதா, நீயே பாரு." பார்த்தேன். எட்டும் ஓடுகிற கால்கள்.

புத்தகத்தில் இதன் பெயர் பேய் நண்டு. செவுள் ஈரமாக இருந்தால் போதும், காற்றில்தான் மூச்சு.

பிப்ரவரி 11, புதன்

மண்தொட்டியில் ஈர மணல், ஒரு நெத்திலித் துண்டு. இரவு ஒன்பதுக்குப் பெரியது வேலையைத் தொடங்கியது. ஒரு பக்கத்துக் கால்களால் மணலை அள்ளி அணைத்து வந்து வெளியே வீசும்; நின்று பார்க்கும்; இறங்கும்போது இரண்டு கண்தண்டுகளையும் பேனாக்கத்தி போல மடக்கிப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும். நடுவில் ஒருமுறை வயிற்றை மணலில் அழுத்தி அப்படியே உட்கார்ந்தது. களைப்பு என்றான் சின்னவன். இல்லை, குடிக்கிறது! கால்களின் அடியில் இருக்கும் மயிர்க்கொத்து ஈர மணலிலிருந்து நீரை உறிஞ்சிச் செவுளுக்கு ஏற்றுகிறது.

அட்லாண்டிக் கரை இனம் ஒன்று உறுமும் என்கிறது 2019இல் வந்த ஓர் ஆய்வு. இரையை அரைக்க வயிற்றுக்குள் உள்ள பற்களை உரசியே அந்த ஓசையாம். எங்கள் தொட்டியில் நெத்திலி குறைந்ததே தவிர, சத்தம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கரையில் இவை ஒரு மீட்டர் ஆழம்கூடத் தோண்டும், வெயிலுக்குத் தப்ப. தொட்டியோ ஒரு சாண். இரவில் கொண்டுபோய் விட்டோம். ஆமைக் குஞ்சு பொரிந்து வரும் காலம் நெருங்குகிறது. அவற்றைப் பிடித்துத் தின்பதும் இதே ஜாதிதான். சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சின்னது அலை நனைத்த மணலில் உட்கார்ந்துவிட்டது. பெரியது கண்ணில் பட்ட முதல் வளைக்குள் பாய்ந்தது. ஒரு நொடிதான், போன வேகத்திலேயே வெளியே வந்து விழுந்தடித்து ஓடியது. உள்ளே வீட்டுக்காரன் இருந்திருக்கிறான்.