லாரிக்கு அடியில் ஒரு பூனை

இலக்கியம் வாசித்துப் பழகியவர்களை ஒரு குணம் எளிதில் விடுவதில்லை. கதையில் ஒரு பொருள் காரணமின்றி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மால் ஏற்க முடிவதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் பூட்டிக் கிடக்கும் அறை இறுதி அத்தியாயத்திலேனும் திறந்தாக வேண்டும். திறக்காவிடில் ஆசிரியர் நம்மை வஞ்சித்துவிட்டதாக மனம் குமுறும். இதே குணம், இலக்கியத்தோடு எவரும் சேர்த்துப் பேசாத ஒரு கையடக்க விளையாட்டில், எண்ணற்ற சிறுவர்களை ஒரு லாரியின் முன் கொண்டுபோய் நிறுத்திய கதையையே இங்கு எழுத முனைகிறோம்.

'போகிமான்' என்று உலகம் அறிந்த விளையாட்டின் முதற் பதிப்புகள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நின்டெண்டோவின் 'கேம் பாய்' கருவிக்கென வெளியாயின. அமெரிக்காவுக்கு 1998இல் வந்தன. ஊர் ஊராய்த் திரிந்து 150 விந்தை உயிரினங்களைப் பிடித்துப் பழக்க வேண்டும்; விளையாட்டு அவ்வளவே. ஆனால் சின்னபார் என்னும் தீவில் பாழடைந்த மாளிகை ஒன்று வருகிறது. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடமாக இருந்த இடம். அங்கே சிதறிக் கிடக்கும் நாட்குறிப்பின் தாள்களைப் படிக்கலாம். தென்னமெரிக்காவின் கயானாக் காட்டில் புதிய உயிரினம் ஒன்று கண்டறியப்பட்டதும், அதற்கு மியூ என்று பெயரிட்டதும், அது ஈன்ற குட்டி அடக்கவியலாத வல்லமையோடு வளர்ந்ததும் நான்கே குறிப்புகளில் சொல்லப்படுகின்றன. அந்தக் குட்டியான மியூடூவை விளையாட்டின் இறுதியில் ஒரு குகையில் நாம் சந்திக்கிறோம். தாயை எங்கும் சந்திப்பதில்லை. இளஞ்சிவப்பு மேனியும் நீண்ட வாலும் கொண்ட அப்பிராணியைப் பூனையென்று எந்த நூலும் வகைப்படுத்தவில்லை. பார்த்தவர் எவரும் வேறாகக் கருதியதாகவும் தெரியவில்லை.

ஆக, பிரதியே ஒரு பூனையின் இருப்பை அறிவித்துவிட்டு, அதை ஒளித்தும் வைத்துவிட்டது. தேடாமல் இருக்க முடியுமா?

தேடல் போய்ச் சேர்ந்த இடம் வெர்மிலியன் நகரத் துறைமுகம். அங்கே எஸ்.எஸ். ஆன் என்றொரு கப்பல் நிற்கும். கடல்நோயால் வாடும் அதன் தலைவரின் முதுகை நீவிவிட்டால், செடிகளை வெட்டும் 'கட்' வித்தையை நமக்கு அளிப்பார். நாம் இறங்கியதும் கப்பல் போய்விடும். அதன்பின் துறைமுகத்துக்குள் நுழைய வழியில்லை. நீந்தும் வித்தை நமக்குக் கிடைப்பதோ அதற்கு வெகுகாலம் கழித்து. ஆனால் 'கட்' தெரிந்த உயிரினத்தை நண்பனிடம் பண்டமாற்றாகப் பெற்றுக்கொண்டு, கப்பலைப் புறப்பட விடாமலே விளையாட்டைத் தொடர்ந்து, நீந்தக் கற்றபின் திரும்பி வந்தால், கப்பலுக்கு அப்பால் ஒரு சிறு நிலத்துண்டை அடையலாம். அங்கே ஒரு லாரி நிற்கிறது. விளையாட்டின் வேறெந்தத் தெருவிலும் அந்தப் படம் கிடையாது. பாறைகளை நகர்த்தும் வித்தையால் லாரியைத் தள்ளினால் அடியில் மியூ இருக்கும் என்றது வதந்தி.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. ஒவ்வொரு படத்துண்டுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டிய, சிக்கனமே விதியான ஓர் உலகில், ஒரே ஒருமுறை மட்டும் தோன்றும் பொருளை, அதுவும் சாதாரணமாக எவரும் எட்ட முடியாத மூலையில் வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு அர்த்தம் இருந்தாக வேண்டும் என்று வாதிடுவது நல்ல வாசகனின் வாதம். நாட்குறிப்பையும் லாரியையும் இணைத்துப் பார்த்தவர்கள் பிரதியைக் கவனமாகவே வாசித்திருந்தார்கள்.

அந்த வாசிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். கப்பலை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர், லாரியைக் காண விரும்பினால், மாதக்கணக்கில் வளர்த்த அத்தனை உயிரினங்களையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி அழித்தவர்கள் உண்டு. ஒரு விளக்கவுரையை நம்பித் தன் கையிருப்பு முழுவதையும் பணயம் வைக்கும் துணிவு நம் இலக்கிய விமர்சகர்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லாம் தெரிந்த பின்னரும், ஆண்டுகள் கழித்து, நாம் ஒருமுறை அங்கே நீந்திச் சென்றோம். லாரியை நான்கு பக்கமும் சுற்ற வழியில்லை. முன்னே நின்று பொத்தானை அழுத்தினோம். எதுவும் நிகழவில்லை. அருகில் யாருமில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு இன்னொரு முறையும் அழுத்தினோம்.

உண்மையில் பூனை ஒளிந்திருந்தது வேறிடத்தில். விளையாட்டை உருவாக்கிய கேம் ஃப்ரீக் அலுவலகத்தில், பணிகள் முடியும் தறுவாயில், பிழை திருத்துவதற்கென வைத்திருந்த நிரற்பகுதிகளை நீக்கியபோது ஏறத்தாழ 300 பைட் இடம் மிச்சமானது. தமிழ் யுனிகோடில் இந்தப் பத்தியை எழுதவே அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அந்த இடுக்கில் நிரலாளர் ஷிகேகி மோரிமோட்டோ மியூவைச் செருகிவிட்டார். ஆட்டக்காரர் எவர் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காக அல்ல. அலுவலகத்துக்குள்ளான ஒரு குறும்பு. எதிர்பாராத பிழையொன்றால் சிலரது திரையில் அது தலைகாட்டவே, செய்தி கசிந்தது. 1996 ஏப்ரலில் 'கொரோகொரோ காமிக்' இதழ் இருபது வாசகர்களுக்கு மியூவைப் பரிசளிப்பதாக அறிவிக்க, சுமார் 78,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அதுவரை ஒரு மாதத்தில் விற்றது இனி ஒரு வாரத்தில் விற்கலாயிற்று.

அதாவது, கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பூனை ஒளிந்திருக்கிறது என்ற ஊகம் முற்றிலும் சரி. லாரி என்ற முகவரிதான் பிழை.

இதனோடு ஒப்பிட, பிற்பாடு எழுந்த 'டிட்டோ' கோட்பாடு நமக்கு அத்தனை சுவைக்கவில்லை. மியூவை நகலெடுக்க முயன்று தோற்றதன் மிச்சங்களே டிட்டோ என்னும் உருமாறிகள் என்பது அதன் சாரம். இரண்டும் இளஞ்சிவப்பு, இரண்டின் எடையும் நான்கு கிலோ, இரண்டுக்கும் உருமாறும் வித்தை வசம். சான்றுகள் கச்சிதமாகவே பொருந்துகின்றன. ஆனால் அதை நம்பியவர் எதையும் இழக்கவோ, எங்கும் நீந்தவோ வேண்டியதில்லை.

2003இல் வேறொன்று வெளிப்பட்டது. சாலையோரப் போட்டியாளன் ஒருவன் நம்மைக் கண்டுகொள்ளும் அதே கணத்தில் அங்கிருந்து மாயமாகி, குறிப்பிட்ட வேறொருவனோடு பொருதிவிட்டுப் பழைய பாதைக்குத் திரும்பினால், நிரல் குழம்பிவிடுகிறது. எதிரியின் விலங்குக்குரிய ஓர் ஆற்றல் அளவை, அடுத்துத் தோன்ற வேண்டிய உயிரினத்தின் உள்வரிசை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அந்த அளவு 21 என்றால் வந்து நிற்பது மியூ. அத்தனை சிறுவர்கள் சரியாக வாசித்தும் கிட்டாத பூனை, இயந்திரம் ஒரே ஓர் எண்ணைத் தவறாக வாசித்தபோது ஏழாம் நிலைக் குட்டியாய்ப் புல்வழியில் தானே எதிர்ப்பட்டது.

2004இல் அதே விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டபோது, ஒரே முறை தோன்றும் அந்த லாரியை அவர்கள் நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. மாறாக, அதனருகே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பொருளை வைத்தார்கள். பொத்தானை அழுத்தித் தேடுபவருக்கு இப்போது அங்கே ஒரு லாவா குக்கி கிடைக்கிறது.