வெற்றுக் கட்டமும் 'இல்லை'யும்



ஊரில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாட்களில் வரவு இடாப்பைக் கையால் எழுதினோம். வந்த பிள்ளைக்கு ஓர் அடையாளம். வராத பிள்ளைக்கு வேறோர் அடையாளம். வெற்றுக் கட்டத்திற்கு 'வரவில்லை' என்பது பொருளன்று. 'இன்னும் பார்க்கவில்லை' என்பதே பொருள். 2009 இல் போர் எம்மை இடம்பெயர்த்தபோது அவ்விடாப்புகள் அங்கேயே தங்கிவிட்டன.

இன்று எமது பள்ளியின் இடாப்பை உயர்வகுப்பு மாணவர் கணினியில் அமைத்து வருகின்றனர். அவர்கள் கையாள்வது, பிரேசில் நாட்டவரான ஜோசே வாலிம் உருவாக்கிய எலிக்ஸர் எனும் நிரல்மொழி. பெற்றோர் நிரப்பும் இணையப் படிவம் 'ஜேசன்' என்னும் எழுத்து வடிவில் வந்து சேரும். அதனைப் பிரித்தால் 'மேப்' எனும் பட்டியல் கிடைக்கும். அதில் ஒவ்வொரு பெறுமதிக்கும் ஒரு திறவுச்சொல் உண்டு.

விழா விருந்துக்கு முன்னர் ஒரு மாணவி, மாணவர்[:ஒவ்வாமை] என்று கேட்டுப் பட்டியல் எடுத்தாள். அனைவருக்கும் 'ஒவ்வாமை இல்லை' என்று வந்தது. நிலக்கடலை ஆகாத பிள்ளையின் பெயருக்கு நேரேயும் அவ்வாறே!

காரணம் இதுதான். முக்காற்புள்ளியுடன் தொடங்கும் :ஒவ்வாமை என்பது 'அணு' எனும் வகை. மேற்கோள் குறிக்குள் அமைந்த "ஒவ்வாமை" என்பது சரம். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு. ஜேசனைப் பிரிக்கும்போது திறவுச்சொற்கள் வழக்கமாகச் சரங்களாகவே வரும். உருவான அணுக்கள் இடையில் நினைவகத்தை விட்டு நீங்கா. அவற்றின் எண்ணிக்கைக்கும் எல்லையுண்டு. மாற்றி அமைக்காவிடின் அது 1,048,576. ஆகவே வெளியிலிருந்து வரும் சொற்களையெல்லாம் அணுக்களாக்குதல் ஆபத்தானது.

இல்லாத திறவுச்சொல்லைச் சதுர அடைப்பில் கேட்டால் 'நில்' என்ற விடை வரும். தமிழில் நில் என்றால் நிற்போம். எலிக்ஸரிலோ நிரல் நில்லாது ஓடும். அவளது நிரல் அந்த 'நில்' என்பதை 'இல்லை' என அச்சிட்டுவிட்டது.

மாணவி அதனை மாணவர்["ஒவ்வாமை"] எனத் திருத்தினாள். பின்னர் அதற்குப் பதிலாக 'மேப்.ஃபெட்ச்' என்பதை அமைத்தாள். திறவுச்சொல் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதை அது வெளிப்படையாகக் கூறும். கிடைக்காத இடத்தில் இப்போது 'பெற்றோரிடம் கேட்க' என்று அச்சாகிறது.

பெற்றோரே, படிவத்தில் எக்கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லையெனில் 'இல்லை' என்றே எழுதுங்கள். மாணவச் செல்வங்களே, விடை வராதபோது 'இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். கேட்ட முறை சரிதானா என்று முதலில் பாருங்கள்.