விளக்கில்லாமல் நின்ற டிராக்டர்

என் தம்பி இறந்தபோது துக்கம் கேட்க வந்த தெருக்காரர்கள் "விதி முடிஞ்சுபோச்சு" என்றார்கள். கோவிலிலிருந்து வந்தவர்கள் "ஆண்டவருடைய சித்தம்" என்றார்கள். அம்மா இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். எனக்கு இரண்டின் மேலும் கோபம் வந்தது. இரண்டாவதன் மேல்தான் அதிகம். ஞானஸ்நானம் முதல் நான் நம்பி வந்தது அதைத்தானே.

சம்பா அறுவடை நேரம். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று, கொள்முதல் நிலையத்தில் தன் முறை வருவதற்காகச் சாலையோரம் நின்றிருந்தது. டிரெய்லருக்குப் பின்னால் விளக்கு கிடையாது, ரிஃப்ளெக்டர் கிடையாது. பனி வேறு. மயிலாடுதுறையிலிருந்து பைக்கில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தம்பி அதன்மேல் மோதினான்.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டம்மா என் அம்மாவிடம், "அக்கா, வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போயி ஒரு தடவ ஏடு பாத்துட்டு வந்துடுவோம். எழுதியிருந்துதான்னு தெரிஞ்சா மனசு ஆறும்" என்றார். அன்பில் சொன்னதுதான். நாடி ஜோதிடத்துக்காக எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து இறங்கும் ஊர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா போகவில்லை. "எழுதியிருந்துச்சுன்னா, எழுதுனவர் எம்புள்ளைய ரெண்டு நிமிஷம் நிறுத்தி வெச்சிருக்கலாமே" என்றார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏடு பார்க்கப் போவதைத் தடுக்கிற கேள்வி, பூசைக்குப் போவதையும் தடுக்கிறதே! நான் கொஞ்ச காலம் கோவிலுக்குப் போகவே இல்லை.

எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கண்டிக்கவில்லை. சில புத்தகங்களைக் கொடுத்தார். பல நூறு வருஷத்துக்கு முந்தையவர்கள் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்றுதான் பிரித்தேன்.

புனித அகுஸ்தீனார் இளவயதில் ஜோதிடத்தை நம்பியவர். அதிலிருந்து விடுபட்ட கதையைத் தம் 'ஒப்புதல்கள்' நூலில் சொல்கிறார். அவருடைய நண்பர் ஃபிர்மினுஸ் பிறந்த அதே கணத்தில், ஃபிர்மினுஸின் அப்பாவுடைய சிநேகிதர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. இரண்டு வீட்டாரும் நேரம் குறித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே கிரகநிலை, ஒரே ஜாதகம். ஃபிர்மினுஸ் செல்வத்திலும் பதவியிலும் உயர்ந்தார். மற்றவன் அடிமையாகவே கிடந்தான். நட்சத்திரம் ஒன்றுதான், மனிதர்கள் ஏற்படுத்திய நிலைமைதான் வேறு. எனக்கு முதலில் உறைத்தது இது.

ஆனால் என் மனத்தை மாற்றியது போயத்தியுஸ். 510இல் ரோமாபுரியின் கான்சல். 522இல் அவருடைய இரண்டு மகன்களும் ஒரே வருஷத்தில் கான்சல்கள். சீக்கிரமே ராஜத்துரோகப் பழி சுமத்தப்பட்டு, தியோடரிக் மன்னனால் சிறையில் அடைக்கப்பட்டார்; பிறகு கொல்லப்பட்டார். சாவை எதிர்பார்த்திருந்த நாட்களில் அவர் எழுதிய 'மெய்யியலின் ஆறுதல்' இடைக்கால ஐரோப்பா விரும்பிப் படித்த புத்தகங்களில் ஒன்று. அதில் அவர் பராமரிப்பையும் விதியையும் பிரிக்கிறார். எல்லாவற்றையும் ஒருசேரக் காணும் இறைவனின் அறிவு, பராமரிப்பு. அது காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக, காரணமும் காரியமுமாக நடந்தேறும் வரிசை, விதி. இறைவன் முன்பே அறிந்துவிட்டதால் நாம் கட்டுண்டவர்கள் ஆவதில்லை என்றும் வாதாடுகிறார். இறைவனுக்கு முன்பும் பின்பும் கிடையாது, எல்லாமே இப்போதுதான். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துப் படியில் நின்று, ஐப்பசியில் காவிரியில் முங்குகிறவனைப் பார்க்கிறோம். நாம் பார்ப்பதனாலா அவன் முங்குகிறான்?

அம்மாவின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஏன் தடுக்கவில்லை? இதற்கு 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியதைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இறைவன் உலகைத் தம் படைப்புகள் மூலமாகவே நடத்துகிறார். அவரால் நேரே செய்ய முடியாததனால் அல்ல. காரணமாக இருக்கும் மாண்பைப் படைப்புகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிற நன்மை மிகுதியால். செபத்தையும் அக்குவினாஸ் இதிலேதான் சேர்க்கிறார். இறைவனின் திட்டத்தை மாற்றுவதற்காக நாம் வேண்டுவதில்லை; நம் வேண்டுதலால் நடக்கட்டும் என்று அவர் வைத்திருப்பது நடப்பதற்காக வேண்டுகிறோம்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது டிரெய்லரின் பின்புறம் என் கண்முன் வந்தது. அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதைச் செய்யாமல் விட்ட இடத்தில் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்வது ஆண்டவர்மேல் பழி போடுவதாகும். அன்று அழுதேன். கோபம் போனது, துக்கம் மட்டும் தங்கியது. துக்கத்தோடு பூசைக்குப் போக முடிந்தது.

வேண்டுதலோடு மனித வேலையையும் சேர்த்து வாழ்ந்து காட்டியவர் எங்கள் பக்கத்திலேயே உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சி அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர், மாயூரமாகிய மயிலாடுதுறையில் முன்சீபாக இருந்தவர், 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்தவர். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்தபோது, பஞ்சம் தீரக் கடவுளை உருகிப் பாடினார். பாடியதோடு நிற்காமல் தம் சொத்தை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அந்தக் கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டிலே வைத்தார். வேண்டுதலும் கஞ்சியும் அவருக்கு வேறு வேறாக இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

தம்பி ஏன் அந்த இரவில், அந்த நேரத்தில் அங்கே வந்தான் என்பதற்கு எந்த நூலிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. போயத்தியுஸும் அக்குவினாஸும் அதைச் சொல்வதாகப் பாவனை செய்யவில்லை. அதனாலேயே அவர்கள்மேல் எனக்கு மரியாதை. துக்க வீடுகளுக்கு நான் போகிறேன். விதி என்றோ சித்தம் என்றோ வாய் திறப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அறுவடை தொடங்கியதும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு, கொள்முதல் நிலையத்து வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நானும் தெருப் பையன்களும் ஒட்டிக் கொடுக்கிறோம். வேண்டாம் என்று எந்த டிரைவரும் சொன்னதில்லை.

டெல்டாவில் டிராக்டர் வைத்திருப்பவர்களே, நெல் ஏற்றுவதற்கு முன் டிரெய்லரின் பின்பக்கம் போய் ஒரு தடவை பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். இரவில் சாலையோரம் நிறுத்த நேர்ந்தால் பின்னால் ஒரு விளக்காவது எரியட்டும்.