தலவிலக் கடைத்தெருவில் ஓர் அல்பம்

பாலாவியில் பஸ் ஏறும்போதே பக்கத்து வளவு அக்கா சொல்லிவிட்டார். "முதலில் கோயில், பிறகுதான் கடை. நீ கடைக்குள்ளே நுழைந்தால் உன்னைத் தேடி அலைய எனக்கு ஏலாது." அவர் கத்தோலிக்கர், மன்னார் நகரத்தைச் சேர்ந்தவர். நான் எருக்கலம்பிட்டி. இருவரும் ஊரை விட்டு வந்தது வேறு வேறு வருடங்களில், வேறு வேறு காரணங்களால். இப்போது எங்களுக்கிடையில் ஒரு கிடுகு வேலிதான்.

பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். உப்பளம், தென்னந்தோப்பு, சின்ன வெங்காயத் தோட்டம், பிறகு 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய நாங்கள் இதே பாதையால்தான் முகாமுக்குப் போனோம். அன்று உம்மாவின் சேலை மடிப்புக்குள் இரண்டு படங்கள் இருந்தன. மற்றதெல்லாம் வீட்டிலேயே போயிற்று.

தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழா வருடத்தில் இரண்டு முறை வரும்: மார்ச்சில் ஒன்று, ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் நாட்களில் ஒன்று. சிங்களவரும் தமிழருமாக நாட்கணக்கில் மரநிழலில் அடுப்பு மூட்டித் தங்குவார்கள். வேறு சமயத்தவரும் வருவார்கள். நான் போனது கடைத்தெருவுக்காக, மறைக்க என்ன இருக்கிறது!

தொதல், மஸ்கட், கச்சான், கருவாடு, பிளாஸ்டிக் வாளி, பனையோலைப் பெட்டி. இவற்றையெல்லாம் எந்தத் திருவிழாவிலும் காணலாம். இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியது படக்கடைகள்தான். கைபேசியைக் கொடுத்தால் சின்ன இயந்திரத்தில் படத்தை உடனே அச்சிட்டுத் தருகிறார்கள். கோப்பையில், தலையணை உறையில், மரத்துண்டில் எல்லாம் முகம் பதிக்கிறார்கள். பக்கத்துக் கடையில் பெண்பிள்ளைகள் மினுக்கத் தாளும் பூ ஒட்டுப்படமும் ரிபனும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தடித்த கொப்பியில் படத்தை வைத்து, சுற்றிவர அலங்கரித்து, கீழே நாலு வரி எழுதுவதுதான் இப்போதைய மோகமாம். அமெரிக்காவில் இது ஒரு பெரிய வியாபாரம். அங்கே யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரியலின் கிறிஸ்டென்சன் என்ற தாய் 1980இல் தன் குடும்பத்தின் அல்பங்களை ஒரு மாநாட்டில் காட்சிக்கு வைத்தது இதற்குப் பெரிய தூண்டுதலாயிற்று என்பார்கள். அவருக்கு அல்பம் அல்பமாக ஒட்டுவதற்குப் படங்கள் இருந்தன.

எங்கள் வீட்டில் படத்தைச் சுவரில் மாட்டும் வழக்கமில்லை, பெட்டிக்குள்தான் இருக்கும். அந்த இரண்டில் ஒன்று வாப்பாவின் படம். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் அதை லெமினேற் செய்யக் கொடுத்தேன். சூட்டில் முகத்தின் மேல் கொப்புளம் எழும்பிவிட்டது. பிளாஸ்டிக்கை உரித்தால் முகமும் சேர்ந்து வரும். அப்படியே வைத்திருக்கிறேன்.

மற்றது உம்மா எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்பது. பின்னால் கிணறும் முருங்கையும் தெரியும். போர் முடிந்த பிறகு தம்பி காடாகிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கப் போனபோது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கிணறு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தான். இப்போது அதன் ஓரம் மஞ்சளாகிறது. உப்புக் காற்று.

கடைக்காரத் தம்பி முதலில் காட்டியது, பசைபூசிய பக்கத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தூக்கி ஒட்டும் அல்பம். வேண்டாம் சகோதரிகளே. நாளாக ஆகப் பசை மஞ்சளாகும், படத்தையும் பிடித்துக்கொள்ளும். கேட்டு வாங்க வேண்டியது தடித்த தாள் அல்பமும் மூலை ஒட்டிகளும். நான்கு மூலையிலும் செருகினால் படத்தில் பசை படாது, வேண்டியபோது எடுக்கலாம். படத்தின் பின்னால் பேனையால் எழுதாதீர்கள், மை ஊறும். மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள். கைபேசியில் ஒரு பிரதி எடுத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

"இரண்டு படத்துக்கு இருபது பக்க அல்பமா, லாத்தா?" என்று அந்தத் தம்பி சிரித்தான். அவனைக் குறைசொல்ல முடியாது, அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. விலையைப் பேசிப் பேசி நூறு ரூபாய் குறைத்தேன். மூலை ஒட்டிப் பைக்கற்றை இலவசமாகத் தந்தான். மினுக்கத் தாள் வாங்கவில்லை.

அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது கோபமாக இருந்தார். அல்பத்தைக் கண்டதும் வாங்கிப் புரட்டினார். "எனக்கும் ஒன்று எடு" என்றார். "உன்னிடம் எத்தனை படம் இருக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.

அன்றிரவு உம்மாவின் படத்தை முதற் பக்கத்தில் செருகினேன். வாப்பாவின் கொப்புளப் படம் இரண்டாவதில். மூன்றாவதில் படம் எதுவும் வைக்கவில்லை. வள்ளத்தில் எங்களோடு வந்து முகாமில் மவுத்தான பெரியம்மாவின் பெயரைப் பென்சிலால் எழுதினேன், அவர் உடுத்தியிருந்த பச்சைச் சேலையையும் குறித்தேன். பேத்தி பக்கத்தில் வந்து குந்தி, "பச்சை என்றால் எந்தப் பச்சை?" என்று கேட்டாள். முருங்கை இலைப் பச்சை என்றேன். அவள் தன் நிறப்பென்சில் பெட்டியை எடுத்துவர ஓடினாள்.