உரம் விழுந்ததல்ல

பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் கிடந்தால், "உரம் விழுந்திருக்கு, முறத்துல போட்டு உருட்டுனா சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா மகளின் குழந்தைக்கு வலது கை தோளிலிருந்து துவண்டு, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. சட்டை மாட்டும்போது இடது கை முரண்டு பிடிக்கும். வலது கை சும்மா வரும். தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்புகள் இழுபடும். அதனால் வருகிற எர்ப்ஸ் பால்சி இது.

பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்ய வேண்டும். 3 மாதமாகியும் முழங்கையை மடக்கவில்லையென்றால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். "வளர வளர சரியாகும்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

தோள் மாட்டிய அந்த நொடியில் தாயின் தொடைகளை வயிற்றோடு நன்றாக மடக்கி, அடிவயிற்றில் அழுத்தினாலே பல குழந்தைகள் விடுபடும். மேல்வயிற்றை அமுக்கக் கூடாது, தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிரசவ அறையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதைத் திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரையால் குழந்தை பெருத்தால் தோள் மாட்டும் அபாயம் கூடும். ஆகவே அந்தக் குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். எந்த முன்னறிகுறியும் இல்லாமலும் தோள் மாட்டலாம். "நீ ஒழுங்கா முக்கல" என்று அக்கா மகளிடம் சொன்ன உறவினர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.